அழிக்குமுன் வாசிக்க வேண்டும்: நமது இணையக் கவிதைக் குழுக்களும் அட்மின்களின் அதிகாரமும்

கொட்டியாரக் குடாவைச் சுற்றி, அதாவது திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், தோப்பூர் ஆகிய இடங்களில், எனக்குத் தெரிந்து எழுதுகிறவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இன்று ஏதாவதொரு வட்ஸ்அப் இலக்கியக் குழுவில் இருக்கிறார்கள். சிலர் நான்கைந்து குழுக்களில் இருக்கிறார்கள். முன்பு வாசிகசாலைத் திண்ணையிலும் பாடசாலைத் தமிழ் மன்றத்திலும் நடந்த வேலை இப்போது கையடக்கத் தொலைபேசியில் நடக்கிறது. எங்கள் நகரத்திலிருந்து ‘நீங்களும் எழுதலாம்’ என்ற பெயரில் ஒரு கவிதைச் சஞ்சிகை வந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். அந்தப் பெயரிலேயே ஓர் அழைப்பு இருந்தது. அந்த அழைப்பை இன்று வட்ஸ்அப்பும் முகநூலும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எழுத விரும்பும் பிள்ளை தபாலில் கவிதை அனுப்பி மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. இரவு பத்து மணிக்கு எழுதினால் பத்து ஐந்துக்கு வாசகர் கிடைத்துவிடுகிறார்.

ஆனால் சஞ்சிகைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். குழுவுக்கு இருப்பவர் அட்மின். இரண்டும் ஒன்றல்ல. சஞ்சிகை ஆசிரியர் வாசித்துத் தெரிவு செய்வார். திருத்தம் சொல்லி எழுதுவார். சில வேளை ஒரு வரியை வெட்டுவார். அட்மினின் கையில் இருப்பது ஒரு பொத்தான். அழுத்தினால் கவிதை மறைந்து, ‘இந்தச் செய்தியை அட்மின் நீக்கிவிட்டார்’ என்ற ஒரு வரி மட்டும் நிற்கும். ஏன் நீக்கினார் என்று அந்த வரி சொல்லாது. அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவையே பூட்டி வைக்கும் வசதியும் அவருக்கு உண்டு.

இந்த வேலையை மட்டுறுத்தல் என்றும் நெறிப்படுத்தல் என்றும் சொல்கிறோம். அது தேவையா, உறுப்பினரின் சுதந்திரம் முக்கியமா என்று விவாதம் நடக்கும்போதெல்லாம் இரண்டு கட்சி பிரிகிறது. ஒரு கட்சி “எல்லாத்தையும் விடுங்க, வாசகன் முடிவு செய்யட்டும்” என்கிறது. மற்றக் கட்சி “நாட்டு நிலைமை தெரியாதா? வம்பு வேணாம்” என்கிறது. இரு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுகின்றன. நெறிப்படுத்தல் என்பது முதலில் ஒரு வாசிப்பு. வாசிக்கத் தெரிந்தவர் செய்தால் அது இலக்கியத்துக்கு உதவி. வாசிக்கத் தெரியாதவர் செய்தால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது தண்டனைதான். இதை இந்த நாட்டு முஸ்லிம்கள் அளவுக்கு அனுபவத்தில் கண்டவர்கள் குறைவு. ஆகவே இதைப் பற்றிப் பேசும் கடமையும் நமக்குக் கூடுதலாக இருக்கிறது.

வாசிக்கத் தெரியாததன் விலை

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்ததை எல்லோரும் அறிவோம். உணவில் மலட்டு மருந்து போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். கேள்வி சரியாக விளங்காத கடைக்காரர் தடுமாறிச் சொன்ன பதில் வீடியோவாக்கப்பட்டு, ஒப்புதல் வாக்குமூலமாக நாடெங்கும் பரவியது. கறியில் கிடந்தது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அந்த முடிவு வருமுன்னரே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த வாரமே திகன, தெல்தெனிய பகுதிகள் எரிந்தன.

அந்த நாட்களில் வன்முறைக்கு அழைப்பு விடுத்த சிங்களப் பதிவுகள் பற்றி முகநூலுக்கு முறைப்பாடு செய்தவர்களுக்கு, இவை எமது விதிகளை மீறவில்லை என்ற பதில் வந்த சந்தர்ப்பங்கள் பதிவாகியுள்ளன. சிங்களம் வாசிக்கத் தெரிந்த நெறிப்படுத்துநர்கள் அந்த நிறுவனத்திடம் போதிய அளவு இருக்கவில்லை. கடைசியில் அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் ஒரு வாரமளவில் நாடு முழுவதும் முடக்கியது. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் தனது தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டது. முதலில் எதையும் தடுக்காமல் விட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் தடுத்தார்கள். இரண்டு கட்டத்திலும் எழுதப்பட்டதை வாசித்துத் தரம் பிரிக்க அங்கே ஆள் இல்லை.

“எல்லாத்தையும் விடுங்க” என்போருக்கு திகனையே பதில். கட்டற்ற சுதந்திரத்தில் முதலில் அடிபடுவது பலவீனமானவரின் வீடு.

மற்றப் பக்கத்தையும் பார்ப்போம். 2019 மே மாதம் சிலாபத்தில், அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற பொருளில் ஒரு முஸ்லிம் வியாபாரி அரைகுறை ஆங்கிலத்தில் இட்ட முகநூல் கருத்து, தாக்குதல் மிரட்டலாக வாசிக்கப்பட்டது. அதன் பேரில் கடைகள் உடைக்கப்பட்டன, ஊரடங்கு போடப்பட்டது, எழுதியவர் கைதானார். அதே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண் உடுத்திருந்த ஆடையில் தர்மச்சக்கரம் இருப்பதாகச் சொல்லி அவரைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். துணியில் இருந்தது கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கரம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளரும் எங்கள் பிள்ளைகளிடம் அந்தத் துணியைக் காட்டியிருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லியிருக்கும்.

இலக்கியத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 1 அன்று சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைது செய்யப்பட்டார். விகாரைக்குள் நடக்கும் துஷ்பிரயோகத்தைத் தொட்டுச் சென்ற ‘அர்த்த’ என்ற சிறுகதையை முகநூலில் இட்டதே காரணம். பயன்படுத்தப்பட்டது சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான 2007 ஆம் ஆண்டுச் சட்டம். உரிமைகளைக் காக்க வந்த சட்டம் ஒரு கதாசிரியரை நான்கு மாதம் உள்ளே வைத்தது. 2021 பெப்ரவரியில்தான் அந்த வழக்கிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார்.

நமக்கு இன்னும் நெருக்கமானது அஹ்னாப் ஜஸீமின் கதை. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்தவர். புத்தளத்தில் தமிழ் ஆசிரியராக இருந்தவர். 2017 இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டவர். 2020 மே 16 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். ஏறக்குறைய 19 மாதங்களின் பின் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தொகுதியின் தலைப்பைக் கவனியுங்கள். ஒன்பது சுவை என்பது தமிழ் படித்த எவருக்கும் பழகிய செய்தி. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு என்று பேசியதை, வடமொழி மரபு சாந்தத்தைச் சேர்த்து ஒன்பதாக்கியது. வெகுளியும் அச்சமும் இழிவரலும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. வன்முறையை எழுதுவது வேறு, வன்முறைக்கு அழைப்பது வேறு என்பது மெய்ப்பாட்டியல் படிக்கும் மாணவனுக்கு முதல் பாடம். அந்தத் தொகுதியில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. மொழிபெயர்ப்பின் வழியாக, கவிதை என்ற உணர்வே இல்லாமல் வாசித்தவர்களுக்குச் சொற்கள் தெரிந்தன; பேசும் குரல் யாருடையது என்பது தெரியவில்லை.

அம்பாறையில் சிங்களம், சிலாபத்தில் ஆங்கிலம், ‘நவரசம்’ விஷயத்தில் தமிழ். மூன்று மொழியிலும் தவறு ஒன்றே. வாசிக்காமல் முடிவு எடுக்கப்பட்டது.

எங்கள் குழுவில் ஒரு கவிதை

2019 க்குப் பிறகு அந்த அச்சம் நமது குழுக்களுக்குள்ளும் குடிவந்துவிட்டது. இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டி முடியாத நிலையில் ஆற்றைக் கடக்க மக்கள் நம்பியிருந்த பாதை அது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்த வாரம் எங்கள் பகுதியில் கவிதை எழுதாதவர் இல்லை. நான் இருக்கும் ஒரு குழுவில் ஒரே நாளில் முப்பதுக்கு மேல் கவிதைகள் வந்தன. பெரும்பாலானவை மலர், மொட்டு, சுவனம் என்ற சொற்களைச் சுற்றியவை. துக்கம் உண்மையானதாக இருந்தாலும் கவிதைகள் ஒன்றைப் போல் ஒன்றிருந்தன.

அதற்குள் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி இட்ட கவிதை வேறு மாதிரி இருந்தது. அது ஒரு வினாத்தாளின் வடிவில் எழுதப்பட்டிருந்தது. நனைந்த புத்தகப் பையிலிருந்து எடுத்த தாள் போல, இலக்கமிட்ட கேள்விகள்: பாலம் எப்போது முடியும், பாதைக்கு அனுமதி கொடுத்தது யார், அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று பார்த்தது யார். எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும் என்ற பரீட்சைக் கட்டளையை அவள் மேலே வைத்திருந்தாள். ஒரு பாடசாலைப் பிள்ளையின் மொழியிலேயே பாடசாலைப் பிள்ளைகளின் சாவைப் பேசியது அதன் பலம். பலவீனமும் இருந்தது. இறுதிக் கேள்வியில் ஓர் உத்தியோகத்தரைப் பெயர் சொல்லிக் கொலைகாரன் என்றிருந்தாள். விசாரணை நடக்குமுன் ஒரு தனி மனிதரின் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்ப்பது நியாயமல்ல. கவிதையாகவும் அந்த இடம் விழுந்துவிட்டது. அதுவரை கேள்வி கேட்ட குரல் அங்கே தீர்ப்புச் சொல்லத் தொடங்குகிறது.

வாசிக்கத் தெரிந்த ஒரு நெறிப்படுத்துநர் என்ன செய்திருப்பார்? அந்தப் பெயரை எடு, கடைசிக் கேள்வியைத் திரும்ப எழுது என்று சொல்லியிருப்பார். நடந்தது வேறு. பத்து நிமிடத்தில் கவிதை முழுதும் போய்விட்டது. “சேர், என்ட கவிதைய எடுத்துப் போட்டாங்க. ஏனெண்டும் சொல்லல்ல” என்று அடுத்த நாள் பாடசாலையில் வந்து சொன்னாள். குழுவில் காரணம் கேட்டேன். “குழுவின் நலன் கருதி, அரசியல் வேண்டாம்” என்று பதில் வந்தது. அவள் பிறகு அந்தக் குழுவில் எதுவும் எழுதவில்லை. இரங்கல் கவிதைகள் மட்டும் அப்படியே இருந்தன.

இரங்கலாம், கேட்கக் கூடாது. இந்த விதி தமிழ் மரபில் எங்கே இருக்கிறது? சிலப்பதிகாரத்தில் துன்ப மாலை இருக்கிறது, ஊர்சூழ் வரி இருக்கிறது, அடுத்து வழக்குரை காதை வருகிறது. கண்ணகியின் புலம்பலே கேள்வியாக மாறி அரசனின் அவைக்குப் போகிறது. நமது அட்மின்கள் அன்று இருந்திருந்தால் துன்ப மாலையை விட்டு, வழக்குரை காதையை அரசியல் என்று நீக்கியிருப்பார்கள்.

அட்மினின் பக்கமும் உண்டு

அட்மின்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. அவர்களுக்குச் சம்பளமில்லை, பயிற்சியில்லை. 200 பேர் இரவு பகலாக அனுப்புவதை ஒருவர் தன் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் இடையில் பார்க்க வேண்டும். அடுத்தவர் கவிதையைப் பெயர் மாற்றிப் போடுகிறவர், காலை வணக்கப் படங்களால் குழுவை நிரப்புகிறவர், பெண் கவிஞரின் இலக்கத்தை எடுத்துத் தனிச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுக்கிறவர் என்று எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். கடைசி வகையினரால் வெளியேறிய சகோதரிகளை எனக்குத் தெரியும். அவர்கள் யாரிடமும் முறையிடாமல் சத்தமின்றிப் போய்விட்டார்கள். உரத்த குரலுள்ளவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தால் மெல்லிய குரலுள்ளவருக்கு இடமே இருக்காது. இந்த இடத்தில் அட்மின் கடுமையாக நடப்பதே சுதந்திரத்தைக் காக்கும் வழி.

சட்டப் பயமும் கற்பனையல்ல. இந்தியாவில், உறுப்பினர் இடும் பதிவுக்காக அட்மினை மட்டும் பொறுப்பாளியாக்க முடியாது என்று பம்பாய் மேல் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 இலும் கேரள மேல் நீதிமன்றம் 2022 இலும் சொல்லியிருக்கின்றன. எங்கள் நீதிமன்றங்களை அவை கட்டுப்படுத்தா. எங்களுக்கு 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்திருக்கிறது. பொய்யான கூற்று எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அளிக்கிறது. ஒரு பதிவை 24 மணித்தியாலத்துக்குள் அகற்றும்படி பணிக்கவும் வழி இருக்கிறது. கவிதையில் பொய்க்கூற்று என்றால் என்ன? உயர்வு நவிற்சி அணி பொய்க்கூற்றா? பாத்திரத்தின் வாயில் வைத்த வசனம் யாருடைய கூற்று? இந்தக் கேள்விகளுக்கு விடையில்லாத நிலையில், அட்மின் பயந்து அழிப்பது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆனால் அரசின் தவறான வாசிப்புக்குப் பயந்து, அதே தவறான வாசிப்பை நாமே முந்திக்கொண்டு செய்தால், ‘நவரசத்துக்கு’ நடந்ததை எந்த வாயால் கண்டிப்பது?

நமது சமூகத்துக்குள்ளேயே இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 2012 இல் ஏறாவூர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் பாலியல் தொழில் பற்றி பிபிசி தமிழோசையில் சொன்ன கருத்துக்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட மிரட்டல்கள் தெரிந்தவையே. 2015 இல் அவர் கொல்லப்பட்டதாகப் பொய்ச் செய்தியும் போலிப் படங்களும் பரப்பப்பட்டன. அவரது கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. மறுத்து எழுத இந்தச் சமூகத்தில் ஆலிம்களும் ஆய்வாளர்களும் போதியளவு இருந்தார்கள். எழுதப்பட்ட மறுப்புகளை விடப் பரப்பப்பட்ட இழிவுகளே அதிகம். அன்று அந்தப் போலிப் படங்களை எத்தனை குழுக்கள் நீக்கின? கேள்வி கேட்ட கவிதையைப் பத்து நிமிடத்தில் நீக்கும் வேகம் அங்கே காணப்படவில்லை. நமது நெறிப்படுத்தலின் பெரிய குறை இதுதான். அது தீங்கைத் தேடுவதில்லை, சங்கடத்தைத் தேடுகிறது.

நம்மிடமே இருக்கும் முறை

தீர்வுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹதீஸ் கலையில் ‘அல்ஜரஹ் வத்தஃதீல்’ என்று ஒரு துறை இருப்பதை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். அறிவிப்பாளர்களை எடைபோடும் கலை அது. இப்னுஸ் ஸலாஹ் தமது நூலில் ஒரு விதியை விளக்குகிறார். ஒருவரை நம்பகமானவர் என்று சொல்லக் காரணம் காட்டத் தேவையில்லை. குறை சொல்வதானால் காரணம் விளக்கப்பட வேண்டும். ஒருவர் குறை என்று கருதுவது மற்றவருக்குக் குறையாக இல்லாதிருக்கலாம் என்பதே அதற்கு நியாயம். இன்னொன்று: பலவீனமான அறிவிப்புகளை அவர்கள் எரித்துவிடவில்லை. ளஈப் என்று பெயரிட்டு, ஏன் என்று குறித்து வைத்தார்கள். இட்டுக்கட்டப்பட்டவற்றைக்கூட இப்னுல் ஜவ்ஸீ ‘அல்மவ்ளூஆத்’ என்று தனி நூலாகத் தொகுத்து, மக்கள் ஏமாறாதபடி அடையாளம் காட்டினார். கவிதை ஹதீஸ் ஆகாது. இரண்டின் கனமும் வேறு. அவ்வளவு கனமான விஷயத்திலேயே காரணம் சொல்வது கடமையாக இருந்ததென்றால், ஒரு மாணவியின் கவிதையை நீக்கும்போது ஒரு வரி காரணம் சொல்வது பெரிய பாரமல்ல.

தமிழ்ப் பக்கத்திலும் முறை இருக்கிறது. நன்னூல் சொல்லும் மதம் ஏழில் மறுத்தல் இருக்கிறது, பிறர் நூலின் குற்றம் காட்டல் இருக்கிறது, மறைத்தல் இல்லை. அரங்கேற்றம் என்ற வழக்கமும் ஒரு வகை நெறிப்படுத்தலே. உமறுப் புலவரின் சீறாப்புராணம் பரங்கிப்பேட்டையில் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியதாக மரபு. அரங்கேற்றத்தில் புலவர் அவையில் இருப்பார். தடை எழுப்புகிறவர் முகத்துக்கு நேரே எழுப்புவார். புலவர் விடை சொல்வார். கவிஞர் இல்லாத இடத்தில், காரணம் சொல்லாமல் கவிதையை எடுப்பதற்கு அரங்கேற்றத்தில் இடமில்லை.

இவற்றை வைத்து நமது குழுக்களுக்குச் சில நடைமுறைகளைச் சொல்லலாம். முதலில் மூன்றை வேறு பிரிக்க வேண்டும். மிரட்டல், தனி மனிதர் மீது ஆதாரமற்ற குற்றச்சாட்டு, பெண்களின் படம் அல்லது இலக்கம், ஒரு சமூகத்துக்கெதிரான வன்முறை அழைப்பு ஆகியவை உடனே நீக்கப்பட வேண்டியவை. இதில் தயக்கமே கூடாது. திருட்டுக் கவிதை, தலைப்புக்குப் புறம்பான ஃபார்வர்ட் ஆகியவற்றை அனுப்பியவரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம். மூன்றாவது, பிடிக்காத கருத்தும் மோசமான கவிதையும். அவற்றுக்குப் பதில் விமர்சனம் மட்டுமே. நீக்குவதானால் எந்த வரி, எந்த விதி என்று எழுதியவருக்குத் தனிச் செய்தியில் சொல்ல வேண்டும். திருத்தி மீண்டும் இட வாய்ப்புக் கொடுக்க வேண்டும். முகநூல் நிறுவனத்தின் முடிவுகளை மீளாய்வு செய்யும் மேற்பார்வைச் சபைகூட, எந்த விதியை மீறினார் என்பதைப் பயனருக்குச் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பரிந்துரைத்திருக்கிறது. கோடிக்கணக்கான பதிவுகளைக் கையாளும் நிறுவனத்திடம் எதிர்பார்ப்பதை 200 பேர் உள்ள குழுவில் செய்ய முடியாதா?

இரண்டாவது, ஒருவர் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. குறைந்தது இருவர் வாசிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. இருவரில் ஒருவராவது கவிதை வாசித்துப் பழகியவராக இருக்க வேண்டும். தமிழ் ஆசிரியர் இல்லாத ஊர் இங்கே எது? ஓய்வுபெற்ற ஆசிரியர்களை நாம் விழா மேடையில் பொன்னாடை போர்த்த மட்டும் அழைக்கிறோம். இந்த வேலைக்கு அழைத்தால் சந்தோஷமாக வருவார்கள்.

இப்படிச் செய்தால் பிரச்சினையே வராது என்று சொல்லவில்லை. நல்ல வாசகரும் சில நேரம் பிழையாக வாசிப்பார். அப்போது எழுதியவர் திரும்பிக் கேட்க ஒரு கதவு திறந்திருக்கும். காரணம் தெரிந்த பிள்ளை அடுத்த கவிதையைத் திருத்தமாக எழுதுவாள். காரணம் தெரியாத பிள்ளை எழுதுவதையே விட்டுவிடுவாள். எங்கள் பகுதியில் கடந்த சில வருடங்களில் எத்தனை பேர் அப்படி விட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர் பட்டியலை எடுத்து ஒரு தடவை பார்க்க வேண்டும். ஏனைய ஊர்களில் குழு நடத்துகிறவர்கள் தங்கள் விதிகளையும் அனுபவத்தையும் இவ்விதழுக்கு எழுதினால், பொதுவான ஒரு நடைமுறையை நாம் சேர்ந்து வகுத்துக்கொள்ளலாம்.